சொட்டுச் சொட்டாகக் குறையும் கூலண்ட்

பானெட்டைத் திறந்து பார்த்தால், இன்ஜினைக் குளிர வைக்கும் திரவமான கூலண்ட் இருக்கும் டப்பாவில் அளவு ‘லோ’ கோட்டுக்குக் கீழே கிடக்கும். போன மாதம் நிரப்பியதுதான். வண்டிக்கு அடியில் ஈரம் இல்லை. மீட்டர் முள்ளும் வழக்கமான இடத்தில்தான் நிற்கிறது. “ஒரு சொம்பு தண்ணி ஊத்துனாச் சரியாப் போச்சு” என்று போர்த் தண்ணீரை ஊற்றி, மூடியைத் திருகிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். மதுரைப் பக்கம் வாட்டர் பம்ப் ஒழுகல் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. அந்த ஒரு சொம்பு போர்த் தண்ணீர்தான் மிச்சமிருக்கும் ஆயுளையும் தின்கிறது.

அதனால் பம்பை மாற்றுவது எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால், அது ஏன் ஒழுகுகிறது என்று பார்த்துவிடலாம். காரணத்தை அப்படியே விட்டுவிட்டுப் பம்பை மட்டும் மாற்றினால் அதே வேலை சீக்கிரமே திரும்ப வரும்.

வேண்டுமென்றே விட்ட ஓட்டை

பம்பு எளிமையான சாமான். ஒரு ஷாஃப்ட், அதன் ஒரு முனையில் புல்லி, மறுமுனையில் இன்ஜினுக்குள் கூலண்டைத் தள்ளும் இம்பெல்லர். நடுவில் ஷாஃப்டைத் தாங்கும் பேரிங். கூலண்ட் பேரிங் பக்கம் வராமல் தடுப்பது மெக்கானிக்கல் சீல். சீல் என்றதும் ரப்பர் வாஷர் என்று நினைத்துவிடக் கூடாது. கார்பன் வளையம் ஒன்று, செராமிக் அல்லது சிலிக்கான் கார்பைடு வளையம் ஒன்று. ஒன்று ஷாஃப்டோடு சுற்றும், மற்றது நிற்கும். ஸ்பிரிங் இரண்டையும் முகத்தோடு முகம் வைத்து அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு முகங்களுக்கும் நடுவே கூலண்ட் மிக மெல்லிய படலமாக ஓடுகிறது. சீலுக்கு மசகும் அதுதான், அதைக் குளிர வைப்பதும் அதுதான்.

அந்தப் படலத்தில் துளியூண்டு வெளியே கசிந்து ஆவியாகத்தான் செய்யும். புதுப் பம்பிலும் உண்டு. அப்படிக் கசிவது பேரிங்குக்குள் போய்விடக் கூடாது என்பதற்காகச் சீலுக்கும் பேரிங்குக்கும் இடையில், பம்பின் உடம்பில் அடிப்பக்கமாக ஒரு சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். வீப் ஹோல் என்பது இதுதான். இந்த ஓட்டையைச் சுற்றிக் காய்ந்த லேசான கறை இருந்தால் பயப்பட வேண்டாம். ஈரமாக இருந்தால், சொட்டு விழுந்தால், பச்சையாகவோ சிவப்பாகவோ உப்புப் பூத்து மேடு கட்டியிருந்தால், சீல் முடிந்துவிட்டது என்று பொருள்.

சிலர் இந்த ஓட்டையைப் பேஸ்ட் வைத்து அடைக்கிறார்கள். ஒழுகல் நின்றது போலத் தெரியும். கூலண்ட் மட்டும் போக வழியில்லாமல் பேரிங்குக்குள் புகுந்து கிரீஸைக் கழுவிவிடும். அப்புறம் பேரிங் இரையும், ஆடும், கடைசியில் இறுகிப் பெல்ட்டை அறுக்கும். சொட்டாகப் போயிருக்க வேண்டிய வேலை டோ வண்டியில் ஏற்றும் வேலையாகிவிடும்.

தண்ணீருக்கு வருவோம். மாவட்டத்தில் பல இடங்களில் போர்த் தண்ணீர் உப்பு. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே கால்சியமும் மெக்னீசியமும்தான் இன்ஜினுக்குள்ளும் படிகின்றன. சீலின் முகத்தில் படலம் ஆவியாகும் இடத்தில் இந்த உப்பு மணல் மாதிரி தங்கி, கார்பனைக் கீறுகிறது. முகம் கீறப்பட்டால் படலம் தடிக்கிறது, ஒழுகல் கூடுகிறது, கூலண்ட் குறைகிறது, திரும்பவும் போர்த் தண்ணீர் உள்ளே போகிறது. குடிக்க நல்ல தண்ணீர்தானே என்று சமாதானம் சொல்லவும் முடியாது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் கரைந்த உப்பு வரை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதிக்கிறது. நாக்குக்குப் பொறுக்கும் உப்பு சீலுக்குப் பொறுக்காது. பேட்டரிக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் 5 லிட்டர் கேனில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. அது கிடைக்காத நேரத்தில் ஆர்.ஓ. கேன் தண்ணீர் பரவாயில்லை. பேட்டரித் தண்ணீர் என்று கேட்டு பேட்டரி ஆசிட்டை வாங்கி வந்துவிடாதீர்கள். டப்பாவைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

சீல் கெட வேறு காரணங்களும் உண்டு. கூலண்டே இல்லாமல் சில நிமிடம் ஓடினால் போதும், மசகு இல்லாமல் முகங்கள் வெந்துவிடும். பல வருடம் மாற்றாத கூலண்டில் துருத் தடுப்பு மருந்து தீர்ந்து, துருத்தூள் சுற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு வகைக் கூலண்டைக் கலந்தால் சில சமயம் கூழாகிவிடும். பெல்ட்டை அளவுக்கு மேல் இறுக்கினால் முதலில் பேரிங் தேயும். ஷாஃப்ட் ஆடத் தொடங்கியதும் சீலும் போய்விடும்.

ஒழுகுவது பம்புதானா?

பம்பைக் கழற்றுவதற்கு முன்னால் இதில் ஒரு மணி நேரம் செலவழித்தால் வீண் செலவு மிச்சம். மேலே ஹோஸ் கிளிப்பில் ஒழுகும் கூலண்ட் பம்பின் மேல் வழிந்து, பம்பே ஒழுகுவது போலக் காட்டும். கூலண்ட் சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட்; அதன் ஹவுசிங்கில் இணைப்பை அடைக்கும் கேஸ்கட்டும் இதே வேலையைச் செய்யும். ஏ.சி. ஓடும்போது முன்பக்கப் பயணி காலடிக்கு நேர் கீழே சொட்டுவது வெறும் ஏ.சி. தண்ணீர், நிறம் இருக்காது, வாடை இருக்காது, தொட்டால் பிசுபிசுக்காது. கூலண்ட் பிசுபிசுக்கும், லேசான இனிப்பு வாடை வரும். வாயில் வைத்துப் பார்க்கவே கூடாது. கூலண்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம்.

வண்டி நன்றாக ஆறியிருக்கும் காலை நேரத்தில் பம்பைச் சுற்றி, மேல் ஹோஸ், தெர்மோஸ்டாட் ஹவுசிங் எல்லாவற்றையும் பழந்துணியால் உலரத் துடையுங்கள். முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரை எடுத்து, பெல்ட்டின் மேல் படாமல், சந்தேகப்படும் இடங்களில் மெல்லியதாகத் தூவுங்கள். இன்ஜினைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, அணைத்த பிறகு டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பவுடரில் ஈரக்கோடு எங்கிருந்து இறங்குகிறதோ அதுதான் ஒழுகும் இடம். கோடு ஹோஸ் கிளிப்பிலிருந்து வந்தால் ஸ்குரூவை இறுக்கினால் போதும், அல்லது கிளிப்பை மாற்றினால் போதும். வீப் ஹோலிலிருந்து வந்தால் பம்பு. பம்பும் இன்ஜின் பிளாக்கும் சேரும் விளிம்பிலிருந்து வந்தால் கேஸ்கட். பம்பு நன்றாகவே இருக்கலாம்.

பட்டறையில் பிரஷர் டெஸ்டர் இருந்தால் இன்னும் சுலபம். ரேடியேட்டர் மூடியின் இடத்தில் அதை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தம் வரை மட்டும் பம்பு பண்ண வேண்டும். மூடியில் 0.9, 1.1 என்று இருந்தால் அது பார் கணக்கு. 13, 16 என்று இருந்தால் பி.எஸ்.ஐ. கணக்கு. அதற்கு மேல் ஏற்றினால் நல்ல ஹோஸும் பிளாஸ்டிக் டேங்கும் விரிசல் விடும். பதினைந்து நிமிடம் முள் இறங்காமல் நிற்க வேண்டும். ஆறின இன்ஜினில் ஒரு முறை, சூடான இன்ஜினில் ஒரு முறை சோதிப்பது நல்லது. சில சீல்கள் ஆறிச் சுருங்கும்போது மட்டும் ஒழுகி, சூடேறியதும் அடைத்துக்கொள்ளும். “ராத்திரி நின்னா மட்டும்தான் சொட்டுது” என்று வரும் வண்டிகளில் இதைப் பார்க்கலாம்.

பெல்ட் ஓடும் வரிசைக்கு நேராகப் பானெட்டின் அடிப்பக்கத்திலும் பக்கவாட்டுத் தகட்டிலும் கோடாகத் தெறித்த கறை இருந்தால், புல்லி மேல் சொட்டியது சுழன்று விசிறியிருக்கிறது. அடியில் ஈரமே இல்லாமல் கூலண்ட் குறையும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பேரிங்கைச் சோதிக்க, இன்ஜினை அணைத்துப் பெல்ட்டைக் கழற்றிவிட்டுப் புல்லியை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆடினாலும் பம்பு மாற்றம்தான். கையால் சுற்றும்போது மணல் அரைபடுவது போல இருந்தாலும் அப்படியே.

ஒழுகலே இல்லாமல் பம்பு கெடுவதும் உண்டு. பிளாஸ்டிக் இம்பெல்லர் விரிசல் விட்டு ஷாஃப்டின் மேல் வெறுமனே சுற்றும். இரும்பு இம்பெல்லராக இருந்தால் இறகுகள் அரித்துப் போயிருக்கும். அளவு குறையாது, ஆனால் ஹீட் ஆகும். எங்கே ஹீட் ஆகிறது என்பதிலேயே பாதி விடை கிடைத்துவிடும். கோரிப்பாளையத்தில் ஊர்ந்து போகும்போது முள் ஏறி, மாட்டுத்தாவணி தாண்டி மேலூர் ரோட்டில் வேகம் எடுத்ததும் இறங்கினால், ஃபேன் அல்லது ரேடியேட்டர் முன்னால் அடைத்திருக்கும் தூசி. ஊருக்குள் ஒன்றும் ஆகாமல், நான்குவழிச் சாலையில் 90, 100 போகும்போது ஏறினால் கூலண்ட் ஓட்டம் குறைவு: இம்பெல்லர், அடைத்த ரேடியேட்டர், அல்லது உறிஞ்சலில் சப்பிப் போகும் கீழ் ஹோஸ்.

வெளியே எங்கேயும் ஒழுகல் இல்லை, ஆனாலும் குறைகிறது, ஆயில் மூடிக்கு அடியில் பால் போலப் பூத்திருக்கிறது, கூலண்ட் டப்பாவில் விடாமல் குமிழி வருகிறது என்றால் பம்பை மறந்துவிட்டு, இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பாருங்கள். பயணி பக்கம் கால்மிதிக்கு அடியில் பிசுபிசு ஈரம் என்றால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது.

வழியில் கொதித்தால்

“ஏண்ணே, தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டிக்கலாமா? மாசக் கடைசியில பாத்துக்குவோம்.”

“ஓட்டலாம் தம்பி. பெல்ட்டு அந்துச்சுன்னா மாசக் கடைசிக்கு முன்னாடியே வந்துருவீங்க.”

எவ்வளவு தூரம் ஓட்டலாம் என்பது எது கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. வீப் ஹோலில் நிமிடத்துக்கு ஒன்றிரண்டு சொட்டு, புல்லி ஆடவில்லை, சத்தம் இல்லை என்றால், நிரப்பிக்கொண்டு பட்டறை வரை மெதுவாகப் போகலாம். நடுவில் ஒரு முறை நிறுத்தி அளவு பார்த்துக்கொள்ளுங்கள். புல்லி ஆடினால், உறுமினால், கோடாக ஒழுகினால் சாவியைப் போடவே கூடாது.

முள் ஏறுவது தெரிந்ததும் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ப்ளோயரை அதிகபட்சத்துக்குத் திருப்புங்கள். மே மாத வெயிலில் இது தண்டனை மாதிரி இருக்கும். ஆனால் ஹீட்டர் கோரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். ஓரம் கட்டும் வரைக்கும் உதவும். ஹீட்டரில் சூட்டுக் காற்றே வரவில்லை என்றால் உள்ளே கூலண்ட் இல்லை. அந்த நொடியே இன்ஜினை அணைத்துவிடுங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: கூலண்ட் முழுக்கப் போய்விட்டால் டெம்பரேச்சர் சென்சார் காற்றில் தொங்கும், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போது முள் இறங்கியிருப்பதாகக் காட்டும். ஏறிய முள் தானாக இறங்கினால் நிம்மதி அடையாதீர்கள். முள்ளே இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள வண்டிகளில் விளக்கு வரும்போதே நேரம் கடந்திருக்கும்.

அணைத்த பிறகு குறைந்தது முக்கால் மணி நேரம் காத்திருங்கள். துணியைச் சுற்றி மேல் ஹோஸை அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, மூடியைத் தொடக் கூடாது. தளர்ந்திருந்தால் தடிமனான துணி போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதல் கால் திருப்பு மட்டும் திருப்பி, ஆவி அடங்கிய பிறகு திறக்கலாம். திறந்ததும் ஒரே மூச்சில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சூடான ஹெட் விரிசல் விட்டுவிடும். ஆறிய பின், இன்ஜினைச் சும்மா ஓடவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ஆபத்துக்குக் கடையில் வாங்கிய பாட்டில் தண்ணீர் போதும். ஊர் போய்ச் சேர்ந்ததும் வடித்துவிடலாம்.

மூடியைத் தளர்த்தி வைத்து ஓட்டினால் ஒழுகல் குறையும் என்று ஒரு பழைய உபாயம் உண்டு. உண்மைதான், அழுத்தம் இல்லாவிட்டால் ஒழுகல் குறையும். கொதிநிலையும் சேர்ந்தே இறங்கிவிடும். 1.1 பார் மூடி சரியாக இருந்தால் வெறும் தண்ணீர்கூட சுமார் 121 டிகிரி வரை கொதிக்காது. மூடி தளர்ந்தால் 100 டிகிரியிலேயே கொதிக்கும். சமதரையில் நாலைந்து கிலோமீட்டர் ஊர்ந்து போகச் சரி. வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது இதைச் செய்யவே கூடாது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே திறந்த தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரியில்தான் திறக்கவே ஆரம்பிக்கிறது. மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மஞ்சள் தூள் போடுவதும் நம் ரோட்டு வைத்தியம். ரேடியேட்டரில் ஊசி ஓட்டை இருந்தால் மஞ்சள் ஊறி அடைக்கும், லாரிக்காரர்கள் அதில் ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். சுற்றிக்கொண்டிருக்கும் சீலில் அது நிற்காது. ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களில்தான் போய்த் தங்கும். கடையில் விற்கும் ஸ்டாப் லீக்குக்கும் இதே தீர்ப்புதான்.

கழற்றி மாட்டும் வேலை

முதலில் எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே ஓடும் பெல்ட்டில் பம்பு சுற்றினால், கைப்பழக்கம் உள்ளவர் வீட்டு வாசலில் வைத்தே முடிக்கலாம். ஸ்விஃப்ட் 1.3 டீசல் இந்த வகை. டஸ்டர் 1.5 டீசல், போலோ 1.5 டீசல் போன்றவற்றில், வால்வுகளை நேரப்படி இயக்கும் டைமிங் பெல்ட்டே பம்பைச் சுற்றுகிறது. அதைத் தொட லாக்கிங் டூல் வேண்டும், ஒரு பல் தவறினாலும் வால்வு வளையும். அந்த வேலையைத் தெரிந்த பட்டறைக்கு விட்டுவிடுங்கள். விடும்போது பம்பு, டைமிங் பெல்ட், டென்ஷனர், ஐட்லர் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். கழற்றும் கூலி எப்படியும் ஒன்றுதான். கூலண்டில் நனைந்த பெல்ட்டைத் திரும்ப மாட்டுவதில் மிச்சம் ஒன்றும் இல்லை. மாட்டி முடித்ததும் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் திரும்ப ஒன்று சேர்கிறதா என்று பார்த்தார்களா என்பதைக் கேளுங்கள்.

வெளி பெல்ட் வகைக்கு முறை இது. வண்டி ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்தி வைத்துக் காலையில் தொடங்குவது நல்லது. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சில வண்டிகளில் சாவி இல்லாமலே ஃபேன் திடீரென்று சுற்றும். அகலமான பேசினை வைத்து, ரேடியேட்டரின் அடியில் உள்ள வடிகுழாயைத் திறங்கள். அது இல்லாவிட்டால் கீழ் ஹோஸைக் கழற்றுங்கள். சின்ன கார்களில் மொத்தக் கூலண்ட் 4 முதல் 6 லிட்டர் இருக்கும். வடிந்ததை அளந்து வையுங்கள், பிறகு கணக்குக்கு வேண்டும்.

பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன்னாலேயே பம்பு புல்லியின் போல்ட்டுகளை இளக்கிவிடுங்கள். பெல்ட் இறுக்கத்தில் இருக்கும்போது புல்லி சுற்றாது. பெல்ட்டைக் கழற்றிய பிறகு இளக்கப் போனால் புல்லி கூடவே சுற்றும், ஸ்குரூ டிரைவர் கொடுத்து நெம்ப வேண்டி வரும், புல்லி வளையும். பெல்ட் எந்த வழியாகச் சுற்றிப் போகிறது என்று மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பம்பைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் ஒரே நீளத்தில் இருக்காது. ஒரு அட்டையில் பம்பின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றியதும் அது இருந்த இடத்தில் அட்டையில் குத்தி வையுங்கள். நீளமான போல்ட்டைக் குட்டையான துளையில் முறுக்கினால் அலுமினியம் பிளாக் வெடிக்கும். குட்டையானதை நீளமான துளையில் போட்டால் இரண்டே மரை பிடித்து, இறுக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். வராத போல்ட்டோடு மல்லுக்கட்டாதீர்கள். துரு எண்ணெய் அடித்து அரை மணி நேரம் விட்டு, கொஞ்சம் இறுக்கி, பிறகு இளக்குங்கள். தலை முறிந்தால் லேத்துக்குப் போய் ஹெலிகாயில் என்ற புது மரைச் சுருள் போட வேண்டியதுதான்.

எல்லா போல்ட்டும் வந்த பிறகும் பம்பு ஒட்டிக்கொண்டிருக்கும். மரக்கட்டை வைத்துச் சுத்தியால் பக்கவாட்டில் தட்டினால் விடும். நடுவில் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பினால் அலுமினிய முகத்தில் பள்ளம் விழும். புதுப் பம்பு மாட்டிய பிறகும் ஒழுகும் வண்டிகளில் பெரும்பாலும் இந்தப் பள்ளம்தான் காரணம், பழி புதுப் பம்பு மேல் விழும்.

பழைய கேஸ்கட்டைச் சுரண்டும்போது பிளாக்கின் துவாரத்தில் துணியைத் திணித்துக்கொள்ளுங்கள். பிளேடைப் படுக்க வைத்துச் சுரண்ட வேண்டும். எமரித் தாள் போட்டுத் தேய்த்தால் அந்தத் தூள் உள்ளே போய்ப் புதுச் சீலை முதல் நாளே அரிக்கும். முகத்தில் அரித்த குழிகள் இருந்தால் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவு இருந்தால் வெறும் பேப்பர் கேஸ்கட் தாங்காது.

புதுப் பம்பைப் பழையதின் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் மாட்டாதீர்கள். இம்பெல்லரின் விட்டம், உயரம், இறகு வளையும் திசை, புல்லி உட்காரும் முகத்தின் உயரம், போல்ட் துளைகள் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஸ்பேர்ஸ் கடையில் மாடல் பெயர் மட்டும் சொல்லாமல் சேஸிஸ் நம்பர் கொடுத்து வாங்குவது இதற்காகத்தான். ஒரே பெயரில் வருடத்துக்கு வருடம் பம்பு மாறியிருக்கும்.

லேத்தில் பேரிங், சீல் கிட் போட்டுப் பழைய பம்பையே தேற்றலாமா என்றால், லாரி, டிராக்டர், பழைய அம்பாசடர் பம்புகளில் அது நல்ல வேலைதான். இன்றைய சின்ன கார் பம்புகளில் சீல் உட்காரும் ஆழம் அரை மில்லிமீட்டர் தவறினாலும் ஸ்பிரிங் அழுத்தம் மாறிவிடும். கூலிக்குக்கூட கட்டாது.

கேஸ்கட் வந்திருந்தால் கேஸ்கட் மட்டும் போதும். ரப்பர் ஓ-ரிங் என்றால் கூலண்டில் நனைத்து உட்கார வையுங்கள். கிரீஸோ ஆயிலோ தடவினால் அந்த ரப்பர் உப்பிவிடும். பேஸ்ட் போட வேண்டிய பம்பு என்றால் 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமனில் அறுபடாத ஒரே கோடு, போல்ட் துளைக்கு உட்பக்கமாக. “எதுக்கும் இருக்கட்டும்” என்று அப்பினால், பிதுங்கிய பேஸ்ட் உள்ளே உதிர்ந்து தெர்மோஸ்டாட்டிலும் ரேடியேட்டர் குழாயிலும் மாட்டும். ட்யூபில் போட்டிருக்கும் நேரம் ஆன பிறகே கூலண்ட் ஊற்ற வேண்டும்.

போல்ட்டுகளை எல்லாம் முதலில் கையால் உட்கார வைத்து, பிறகு எதிரெதிராக இரண்டு மூன்று தவணையில் இறுக்குங்கள். 10-ஆம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவுதான். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 20 முதல் 25. வண்டிப் புத்தகத்தில் வேறு அளவு இருந்தால் அதுதான் கணக்கு. டார்க் ரென்ச் இல்லாவிட்டால் குட்டை ராட்செட்டை முழுக்கையால் இழுக்காமல் மணிக்கட்டால் மட்டும் இறுக்குங்கள். நீளக் குழாய் மாட்டி இறுக்கும் இடம் இது இல்லை.

இதோடு சேர்த்து மாற்ற வேண்டியவை: பெல்ட், தெர்மோஸ்டாட் ஓ-ரிங், உப்பிப்போன ஹோஸ், ரேடியேட்டர் மூடி. மூடியின் ரப்பர் இறுகிப்போனால் அழுத்தம் நிற்காது, வண்டி பம்பு மாற்றிய பிறகும் கொதிக்கும். தெர்மோஸ்டாட்டை வீட்டு அடுப்பிலேயே சோதிக்கலாம். வால்வைக் கொஞ்சம் அமுக்கித் திறந்து ஒரு நூலின் நுனியை அதில் கடிக்கவிட்டு, தண்ணீர்ச் சட்டியில் அடியில் படாமல் தொங்கவிடுங்கள். தெர்மாமீட்டரும் உள்ளே இருக்கட்டும். சூடேறி வால்வு திறந்ததும் நூலை விட்டுவிட்டுத் தெர்மோஸ்டாட் கீழே விழும். அந்த நேரம் தெர்மாமீட்டர் காட்டும் எண்ணும் தெர்மோஸ்டாட்டின் மேல் அடித்திருக்கும் எண்ணும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். “நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட்டே வேண்டாம்” என்று கழற்றி எறிந்துவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் சரியான சூட்டுக்கே வராமல் பெட்ரோலைத்தான் கூடக் குடிக்கும்.

பெல்ட் இறுக்கம்: தானாக இறுக்கும் டென்ஷனர் இருந்தால் கவலை இல்லை. கையால் இறுக்கும் வி-பெல்ட் என்றால், நீளமான பகுதியின் நடுவில் கட்டை விரலால் பலமாக அமுக்கும்போது 6 முதல் 10 மில்லிமீட்டர் இறங்கினால் போதும். கீச்சுச் சத்தம் வருகிறதே என்று மேலும் மேலும் இறுக்கித்தான் பல பம்புகள் போகின்றன.

நிரப்புவதும் காற்று எடுப்பதும்

பனியே பார்க்காத ஊரில் கூலண்ட் எதற்கு என்ற கேள்விக்கு விடை அதன் கொதிநிலையிலும் துருத் தடுப்பிலும் இருக்கிறது. பாதிக்குப் பாதிக் கலவை 1.1 பார் மூடியோடு 125 டிகிரிக்கு மேலேதான் கொதிக்கும். அதற்காகக் கூலண்ட் கூடக் கூட நல்லது என்று நினைக்க வேண்டாம். சூட்டைச் சுமப்பதில் தண்ணீர்தான் கெட்டி. கிளைக்கால் 60 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஜின் சூடு குறைவதற்குப் பதில் ஏறும். நிறத்தைப் பார்த்து வகையை முடிவு செய்யாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி போடும் சாயம். புத்தகத்தில் எந்த வகை என்று சொல்லியிருக்கிறதோ அதை வாங்கி, ரெடி மிக்ஸா, கான்சன்ட்ரேட்டா என்று டப்பாவில் பாருங்கள். ரெடி மிக்ஸில் தண்ணீர் கலக்கக் கூடாது.

பழைய கூலண்ட் பழுப்பாக இருந்தால் தண்ணீர் தெளிவாக வரும் வரை அலசுங்கள். கடைசி அலசலாவது டிஸ்டில்டு வாட்டராக இருக்க வேண்டும், ஏனென்றால் வடித்தாலும் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் ஒன்று, ஒன்றரை லிட்டர் உள்ளேயே தங்கிவிடும். வடித்து அளந்த கணக்கு இங்கேதான் உதவும். 5 லிட்டர் பிடிக்கும் வண்டியில் 3.5 லிட்டர்தான் வடிந்தது என்றால் உள்ளே 1.5 லிட்டர் தண்ணீர் இருக்கிறது. பாதிக்குப் பாதி வேண்டுமானால் 2.5 லிட்டர் கான்சன்ட்ரேட் ஊற்றி 1 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் சேர்க்க வேண்டும். இந்த நிலையில் 3.5 லிட்டர் ரெடி மிக்ஸை ஊற்றினால் கலவை நீர்த்துப்போய் 35 சதவீதத்தில் நிற்கும்.

ஊற்றும்போது வண்டியின் மூக்கு உயர்ந்திருக்கட்டும். வாசல் சரிவே போதும். ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். காற்று எடுக்கும் ஸ்குரூ இருந்தால் திறந்துவிட்டு, குமிழி இல்லாமல் கூலண்ட் வந்ததும் மூடுங்கள். மெதுவாக ஊற்றிக்கொண்டே மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் மாறி மாறி அமுக்கிவிட்டால் கொட கொட என்று காற்று மேலே வரும். மூடி திறந்தபடி இன்ஜினை ஓடவிடுங்கள். மேல் ஹோஸ் திடீரென்று சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது; அளவு சட்டென்று இறங்கும், நிரப்புங்கள். மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும் வரை விடுங்கள். டாஷ்போர்டுக்குள் தண்ணீர் சலசலப்பது, ஹீட்டரில் குளிர்ந்த காற்று வருவது, முள் ஏறி ஏறி இறங்குவது எல்லாம் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆறவிட்டு மறுபடி செய்ய வேண்டியதுதான்.

புதுச் சீல் ஒட்டி அமரும் முதல் நாளில் வீப் ஹோலில் ஒன்றிரண்டு துளி வரலாம். பம்புக்கு நேர் கீழே ராத்திரி ஒரு பழைய அட்டையை விரித்து வைத்து, மூன்று நாள் காலையில் அட்டையையும் டப்பாவின் அளவையும் பாருங்கள். முதல் நாள் அளவு கொஞ்சம் இறங்கும், மிச்சக் காற்று வெளியேறியதால். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் இறங்கக் கூடாது.

வடித்த பழைய கூலண்டைச் சாக்கடையிலோ மரத்தடியிலோ கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும், கொஞ்சம் போனாலே சிறுநீரகம் செயலிழந்து சாகும். மூடி போட்ட கேனில் ஊற்றி, மேலே பெரிதாக ‘விஷம்’ என்று எழுதி, பழைய ஆயில் எடுக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். குடிதண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.